இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு

இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்பது 1994 அக்டோபர் 7 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்கப்பட்ட வழக்கு ஆகும். நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் ஆகியோர் இதனை விசாரித்தனர். தனி மனிதரின் அந்தரங்க உரிமைக்கும் இதழ்களின் எழுத்துரிமைக்கும் இடையிலான எல்லையை இந்தியாவில் முதன்முதலில் விரிவாக வரையறுத்த தீர்ப்புகளுள் இது ஒன்று. பள்ளி மாணவர் நடத்தும் இதழுக்கும் இந்நெறிகள் பயன்படுவன.

பின்னணி

ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர், 1991இல் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது முந்நூறு பக்கத் தன்வரலாற்றை எழுதியதாகக் கூறப்பட்டது. உயர் அதிகாரிகள் பலருக்கும் தமக்கும் இருந்த நெருக்கம் அதில் கூறப்பட்டிருந்ததாம். சென்னையிலிருந்து வெளிவரும் நக்கீரன் வார இதழ் அதனைத் தொடராக வெளியிடப் போவதாக அறிவித்தது. அது போலியானது என்றும், வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் சிறைத்துறைத் தலைவர் 1994 சூன் 15 அன்று இதழுக்குக் கடிதம் எழுதினார். இதழின் ஆசிரியரும் இணை ஆசிரியரும் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினர். சங்கர் இவ்வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. யாருடைய வாழ்க்கையைப் பற்றி வழக்கு நடந்ததோ அவரே நீதிமன்றத்தின் முன் இல்லை என்பது இதன் விந்தை. எனவே அவர் அதை எழுதவோ வெளியிட அனுமதிக்கவோ இல்லை என்று வைத்துக்கொண்டே நீதிமன்றம் வழக்கை ஆராய்ந்தது.

தீர்ப்பு

அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையில் அந்தரங்க உரிமை அடங்கும் என நீதிமன்றம் கூறியது. தன் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி முதலியவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. இவற்றைப் பற்றி ஒருவரது இசைவின்றி எழுதுபவர், எழுதியது உண்மையாயினும், புகழுரையாயினும், இழப்பீட்டுக்கு உள்ளாகலாம். உண்மையைத்தானே எழுதினோம் என்ற வாதம் இங்கு உதவாது. புதிதாக எழுத வருவோர் பெரும்பாலும் இடறுவது இவ்விடத்தில்தான். தாமாகவே ஒரு சர்ச்சையில் இறங்கியவரின் நிலை வேறு.

நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை இசைவின்றியே வெளியிடலாம். ஆனால் பாலியல் வன்முறை, கடத்தல் முதலியவற்றால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடலாகாது. அரசு அலுவலர் தம் அலுவல் கடமையில் செய்தவற்றுக்கு அந்தரங்க உரிமை கோர இயலாது. அவரைப் பற்றிய செய்தி தவறாக இருப்பினும், தக்கவாறு சரிபார்த்து எழுதியிருந்தால் இதழாளருக்குப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவின் சல்லிவன் வழக்கையும் (1964) இங்கிலாந்தின் டெர்பிசயர் வழக்கையும் (1993) நீதிமன்றம் இதற்குத் துணைக்கொண்டது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அலுவலருக்கோ இல்லை எனவும், குறையிருப்பின் வெளியான பின்னரே வழக்குத் தொடரலாம் எனவும் தீர்ப்புக் கூறியது.

சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்பதை 2017 ஆகத்து 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உறுதிசெய்தனர்.

சிறுவர் பற்றிய செய்திகள்

மாணவ இதழாளர் மிகுதியாக எழுதுவது தம் வயதினரைப் பற்றியே. இங்கு 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பைவிடக் கடுமையான சட்டங்கள் உள்ளன. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்ட, பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான சிறாரின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றையும் அவரை அடையாளம் காட்டும் வேறெதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் தண்டனையாகும். நாளிதழ், பருவ இதழ் மட்டுமன்றிப் பிற தொடர்பு வடிவங்களும் இதில் அடங்கும். ஆகவே சுவர் இதழும் தப்பாது. போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஒளிப்படம், குடும்ப விவரம், அக்கம்பக்கம் ஆகியவற்றையும் சேர்த்துத் தடுக்கிறது.

பெயரை நீக்கினால் போதும் என்பது தவறான எண்ணம். திண்டுக்கல் நகரில் ‘பத்தாம் வகுப்பு மாணவி’ என்றால் பலருள் ஒருவர். ‘சிறுமலையைச் சேர்ந்த, தாய் சத்துணவுக்கூடத்தில் பணிபுரியும் பத்தாம் வகுப்பு மாணவி’ என்றாலோ, மலையூர் முழுவதும் அவர் யாரென அறிந்துவிடும். முகத்தை மறைத்து வீட்டு வாசலைக் காட்டும் படமும் இத்தகையதே. நிபுன் சக்சேனா வழக்கில் (2018 திசம்பர் 11) உச்ச நீதிமன்றம் இத்தகைய மறைமுக அடையாளத்தையும் தடைசெய்தது.

பெற்றோரோ தலைமையாசிரியரோ இசைவு தந்தாலும் இத்தடை நீங்காது. போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றமும், சிறார் நீதிச் சட்டத்தில் சிறார் நீதி வாரியம் அல்லது குழந்தைகள் நலக் குழுவும், குழந்தையின் நலன் கருதி, காரணங்களை எழுத்தில் பதிந்து மட்டுமே அனுமதி வழங்கலாம்.