இலவச நுழைவுச் சீட்டும் வானொலிச் சிரிப்பும்

வானொலி என்பது கேட்பதற்கான ஊடகம். அதன் நிகழ்ச்சியொன்றை அரங்கில் உட்கார்ந்து பார்க்க மக்களை அழைப்பதும், அதற்குக் கட்டணம் வாங்காமல் இருப்பதும் முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றும். இலண்டனில் பிபிசி தலைமையகத்துக்குள் 1932-இல் திறக்கப்பட்ட அரங்கில், இன்றும் நகைச்சுவை நிகழ்ச்சிகள் பொதுமக்கள் முன்னிலையில் பதிவு செய்யப்படுகின்றன. சீட்டு இலவசம். இலவசமாகப் பெற்றவர்களில் சிலர் வராமற்போவது வழக்கம் என்பதால், இருக்கைகளைவிடக் கூடுதலான சீட்டுகள் வழங்கப்படும். ஆகவே கையில் சீட்டு இருந்தும் இடமின்றித் திரும்புவோர் உண்டு. இது அலட்சியமன்று. காலி நாற்காலிகள் சிரிக்கமாட்டா. நிலையத்துக்கு வேண்டியதோ சிரிப்பு.

இந்தத் தேவை தோன்றிய கதை அமெரிக்க வானொலியின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. 1922-இல் எட் வின் என்னும் மேடை நகைச்சுவை நடிகர், நெவார்க் நகர வானொலி நிலையமொன்றிலிருந்து தமது மேடை நிகழ்ச்சியை ஒலிபரப்பினார். சிரிப்பொலியைக் கேட்டே பழகியவருக்கு ஒலிவாங்கியின் முன் நிலவிய அமைதி பொறுக்கவில்லை. நிலையத்தில் இருந்த ஊழியர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் திரட்டி எதிரில் உட்காரவைத்த பிறகே அவரால் நடிக்க முடிந்தது என்பர். 1932-இல் எண்ணெய் நிறுவனமொன்றின் ஆதரவில் அவரது வாராந்தர நிகழ்ச்சி தொடங்கியபோது, பார்வையாளர்கள் முன்னிலையில் வேடமும் ஒப்பனையும் அணிந்தே நடித்தார். கேட்பவர் கண்ணுக்குத் தெரியாத வேடம் அது. அரங்கில் இருந்தவர்களுக்காகப் போட்டது.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. கூட்டத்தின் ஓசை ஒலிபரப்பைக் கெடுக்கும் என்று அஞ்சி, பார்வையாளருக்கும் மேடைக்கும் இடையே கனத்த கண்ணாடித் திரை அமைத்த அரங்கும் இருந்தது. நியூயார்க்கில் என்பிசி நிறுவனம் 1933-இல் திறந்த 8எச் அரங்கம் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய வானொலி அரங்கம். அங்கே 1937 முதல் தோஸ்கானினி நடத்திய இசைக் கச்சேரிகளுக்கும் சீட்டு இலவசமே. ஆனால் அங்கு வந்தவர்கள் சத்தம் போடக்கூடாது. தாள் சரசரக்கும் என்பதற்காக நிகழ்ச்சி நிரலைப் பட்டுத்துணியில் அச்சிட்டுக் கொடுத்ததும் உண்டு.

அந்நாளில் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஏற்பதில்லை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வேறுபாடு இருந்ததால், ஒரே நிகழ்ச்சியைக் கலைஞர்கள் ஒரே நாளில் இருமுறை நடத்த வேண்டியிருந்தது. பாடகர் பிங் கிராஸ்பிக்கு இது சலிப்பூட்டியது. 1946-இல் ஏபிசி நிறுவனம் அவர் நிகழ்ச்சியை இசைத்தட்டில் பதிந்து ஒலிபரப்ப இசைந்தது. ஒலித்தரம் மட்டும் குறைந்தது. போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஒலிநாடாக் கருவிகளையும் ஐம்பது நாடாச் சுருள்களையும் கொண்டுவந்திருந்த ஜாக் மல்லின் என்னும் பொறியாளர் அப்போது கைகொடுத்தார். 1947 அக்டோபரில் ஒலிநாடாவில் பதிவான கிராஸ்பி நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று.

இதில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. நாடாவை வெட்டி ஒட்டலாம் என்றதும் சிரிப்பையும் வெட்டி ஒட்ட முடிந்தது. பாப் பர்ன்ஸ் என்ற நகைச்சுவையாளர் ஒருமுறை சற்று எல்லை மீறிய கதைகளைச் சொல்ல, அரங்கம் குலுங்கிச் சிரித்தது. கதைகளை ஒலிபரப்ப முடியாது. சிரிப்பை மட்டும் எடுத்து வைத்தார்கள். சில வாரங்களுக்குப் பின் எடுபடாத நகைச்சுவை கொண்ட வேறொரு நிகழ்ச்சியில் அதைச் சேர்த்ததாக மல்லின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இலவசமாக வந்து சிரித்தவர்கள், தாம் கேட்டே இராத நகைச்சுவைக்குச் சிரித்தவர்களானார்கள்! அவர்களை யாரும் கேட்கவில்லை.

சேமித்த சிரிப்பு கைவசம் இருந்தும் பிபிசி போன்ற நிலையங்கள் மக்களை அழைப்பதை நிறுத்தவில்லை. எங்கே நிறுத்திப் பேசுவது, எந்த வரியை விரைந்து கடப்பது என்பதை எதிரில் இருப்பவர்களின் சிரிப்பைக் கொண்டே நடிகர் முடிவு செய்கிறார். அரை மணி நேர நிகழ்ச்சியின் பதிவு ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதுண்டு. முதலில் ஒருவர் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்குவார். பதிவு முடிந்தபின், நாக்குழறிய வரிகளை நடிகர்கள் மறுபடி சொல்வார்கள். அவற்றுக்கும், முதன்முறை கேட்பவர்போல, பார்வையாளர்கள் இன்னொரு தடவை சிரித்துக் கொடுக்க வேண்டும்.