பிள்ளையின் இடத்தில் ஒரு பூனை

அரபு இலக்கியத்தில் இரங்கற்பாக்களுக்குக் குறைவில்லை. 'ரிஸா' எனப்படும் அத்துறை, நம் புறத்திணையின் கையறுநிலையைப் போன்றே, மிகப் பழைய காலத்தில் வேரூன்றியது. தம் சகோதரர்களை இழந்த கன்ஸா (ரலி) அவர்களின் கவிதைகளை அரபு பயின்றோர் அனைவரும் அறிவர். மன்னர்களுக்கும் மைந்தர்களுக்கும் அழிந்த நகரங்களுக்கும்கூட அரபுக் கவிஞர்கள் இரங்கிப் பாடியுள்ளனர். இந்த நீண்ட வரிசையில், அப்பாஸியர் ஆட்சிக்கால பக்தாதில் தோன்றிய 65 பைத்துகள் கொண்ட ஒரு கஸீதா தனித்து நிற்கிறது. அது ஒரு பூனைக்காகப் பாடப்பட்டது.

பாடியவர் அபூபக்ர் ஹஸன் இப்னு அலீ அந்நஹ்ரவானீ. இப்னுல் அல்லாஃப் என்ற பெயரால் புகழ்பெற்றவர், கண்பார்வையற்றவர். கலீஃபா முஃததித் (ஹிஜ்ரி 279-289; கி.பி. 892-902) அவர்களின் அவையில் நெருங்கிய தோழராக இருந்தார். ஹதீஸ் அறிவிப்பாளராகவும் குறிப்பிடப்படுகிறார். ஹிஜ்ரி 318இல் (கி.பி. 930), ஏறத்தாழ நூறு வயதில் காலமானார். இச்செய்திகளை 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் வரலாற்றுப் பெருநூலில் இப்னு கல்லிகான் (இறப்பு: ஹிஜ்ரி 681, கி.பி. 1282) பதிவு செய்துள்ளார்.

கஸீதா பிறந்த கதையையும் அவரே கூறுகிறார். இப்னுல் அல்லாஃப் ஒரு பூனையை அன்புடன் வளர்த்து வந்தார். அது அண்டை வீட்டாரின் புறாமாடங்களில் புகுந்து குஞ்சுகளைத் தின்னத் தொடங்கியது. ஒருமுறை, இருமுறை அன்று. இதுவே அதன் வழக்கமாகிவிட்டது. பொறுமையிழந்த புறாக்காரர்கள் அதைப் பிடித்துக் கொன்றுவிட்டனர். அந்தத் துயரில் கவிஞர் பாடியதே இது.

தொடக்கத்திலேயே பூனையை முன்னிலைப்படுத்தி அழைக்கும் கவிஞர், தம்மிடம் அது பெற்ற மகனின் தகுதியைப் பெற்றிருந்ததை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். பாம்பிடமிருந்தும் எலியிடமிருந்தும் அது வீட்டைக் காத்ததை நினைவுகூர்கிறார். பார்வையற்ற ஒருவரின் வீட்டில் இத்தகைய காவலுக்கு இருந்திருக்கக்கூடிய மதிப்பை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் புகழுரையோடு அவர் நின்றுவிடவில்லை. புறாமாடத்தில் அது மெல்ல நுழைந்ததையும், அவசரமாகக் குஞ்சை விழுங்கியதையும், இறகுகளை வழியில் சிதறவிட்டுத் தன் குற்றத்துக்குத் தானே சாட்சி வைத்ததையும் ஒளிக்காமல் கூறுகிறார். பாடும் பறவைகளின் குரலுக்கு அது இரங்கவில்லை. அதன் நலிந்த குரலுக்கு அதைப் பிடித்தவர்களும் இரங்கவில்லை. கழுத்தில் கயிறு இறுகியது. ஊதாரியாகிப்போன மகனின் ஜனாஸாவுக்கு முன் நிற்கும் தந்தை இப்படித்தான் பேசுவார்: கண்டிப்பார், 'உனக்கேன் இந்த வேலை' என்பார், கொன்றவர்களின் நியாயத்தையும் ஒப்புக்கொள்வார், ஆயினும் அழுகை நிற்காது.

இக்கவிதையைப் பிற்காலத்தார் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் வியப்பு. ஒரு பூனைக்காகவா இத்தனை கண்ணீர் என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்தது போலும். மூன்று மறைபொருள்கள் கூறப்பட்டன. முதலாவது: ஹிஜ்ரி 296இல் (கி.பி. 908) ஒரே ஒரு நாள் கலீஃபாவாக இருந்து கொல்லப்பட்ட கவிஞர் அப்துல்லாஹ் இப்னுல் முஃதஸ்தான் அந்தப் பூனை. அவர் கவிஞரின் நண்பர். கலீஃபா முக்ததிருக்கு அஞ்சி, அவருக்கான இரங்கலைப் பூனையின் பெயரில் பாடினார் என்பர். இரண்டாவது: ஹிஜ்ரி 312இல் (கி.பி. 924) தம் தந்தையான வஸீர் இப்னுல் ஃபுராத்துடன் கொல்லப்பட்ட முஹஸ்ஸின்தான் அது. மூன்றாவது கதை கொடூரமானது. வஸீர் அலீ இப்னு ஈஸாவின் அடிமைப்பெண் ஒருத்தி கவிஞரின் பணியாளனைக் காதலித்தாளாம். செய்தி தெரியவந்ததும் இருவரும் கொல்லப்பட்டு, தோலுரிக்கப்பட்டு, தோல்களில் வைக்கோல் திணிக்கப்பட்டதாம்.

மூன்றாவதை நாம் எளிதில் தள்ளிவிடலாம். அதைக் கூறுபவர் 'ஃபுஸூஸ்' நூலாசிரியர் ஸாயித். அவர் பொய்யுரைப்பவர் என்று குற்றம் சாட்டப்பட்டதையும், அந்நூலை அந்தலூஸின் ஆட்சியாளர் மன்ஸூர் ஆற்றில் எறியச் செய்ததையும் அதே இப்னு கல்லிகான்தான் எழுதுகிறார். இறைபக்திக்கும் நேர்மைக்கும் பெயர்பெற்ற அலீ இப்னு ஈஸாவின் வரலாற்றோடும் அக்கதை பொருந்தவில்லை. ஏனைய இரண்டுக்கும் இடையே பதினாறு ஆண்டு இடைவெளி உண்டு. ஒன்று மெய்யானால் மற்றது மெய்யாக முடியாது. இந்த முரண்பாடே, இவை பாடலைப் படித்தவர்கள் பின்னர் செய்த ஊகங்கள் என்று கருத இடமளிக்கிறது. முஃதஸின் மகனுக்கு இரங்கியவர் என்று வைத்துக்கொண்டாலும், அண்டை வீட்டுக் குஞ்சுகளைத் தின்ற பழியை நண்பர்மீது ஏற்றிப் பாடுவாரா? முஹஸ்ஸினுக்கு அது பொருந்தலாம். மக்களைச் சித்திரவதை செய்து பணம் பறித்தவன் அவன். அப்படிப்பட்டவனை ஒரு கவிஞர் மகனாக எண்ணினார் என்பதை நம்புவது கடினம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பூனை ஒரு திரைதான் என்றே கொள்வோம். திரை எப்போது திரையாகும்? கேட்பவர் நம்பினால்தான். பூனைக்காக ஒருவர் மனமுருகி அழுவது பக்தாதில் கேள்விப்படாத செய்தியாக இருந்திருந்தால், அரண்மனை ஒற்றர்கள் முதல் பைத்திலேயே உண்மையை ஊகித்திருப்பர். கவிஞரின் தலை தப்பியிராது. ஆகவே மறைபொருள் வாதமும்கூட, அத்தகைய துயரம் அச்சமூகத்தில் இயல்பானதாக ஏற்கப்பட்டிருந்தது என்பதற்கே சான்றாகிறது.

வேறு சான்றுகளும் உண்டு. கலீஃபா மஃமூனின் செயலாளராக இருந்த அஹ்மத் இப்னு யூசுஃபின் சகோதரர் காஸிம் இப்னு யூசுஃப், விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இரங்கற்பா பாடுவதில் தமக்கு நிகரில்லாதவர் என்று ஸூலீ தம் 'கிதாபுல் அவ்ராக்'கில் எழுதுகிறார். ஆடு, பூனை, மணிப்புறா ஆகியவற்றுக்கு அவர் பாடியவை அந்நூலில் உள்ளன. இப்னுல் அல்லாஃபுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியவர் இவர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் மதீனாவை அடைகிறோம். அரபியரிடம் 'குன்யா' என்றொரு பெயர்மரபு உண்டு. 'இன்னாரின் தந்தை' என்று பிள்ளையின் பெயரால் பெற்றவரை அழைப்பது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் குன்யாவில் பிள்ளையின் இடத்தில் இருப்பது பூனைக்குட்டி. தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்தபோது தம்மிடம் ஒரு பூனைக்குட்டி இருந்ததையும், இரவில் அதை மரத்தில் வைத்துவிட்டுப் பகலில் உடன் கொண்டுபோய் விளையாடியதையும், அதனால் இப்பெயர் வந்ததையும் அவரே கூறுவதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பூனை வாய்வைத்த தண்ணீர் அசுத்தமன்று என விளக்கும் ஹதீஸில், அது உங்களைச் சுற்றிவருபவர்களில் ஒன்று என்னும் கருத்தில் 'தவ்வாஃபீன்' என்ற சொல் ஆளப்படுகிறது. திருக்குர்ஆனின் 24:58ஆம் வசனத்தில் இதே வேர்ச்சொல், வீட்டுக்குள் வந்துபோகும் பணியாளர்களையும் பருவமடையாப் பிள்ளைகளையும் பற்றியது. வீட்டின் உள்வட்டத்தில் பூனைக்குக் கிடைத்த இடம் இது.

துயரத்தைப் பொறுத்தவரை, அபூஉமைரின் நிகழ்ச்சியை விஞ்சக்கூடியது இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அச்சிறுவர், பால்குடி மறந்த வயதினர். 'நுகைர்' என்னும் சிறு பறவையோடு விளையாடுவார், சிவந்த அலகுடையது, மதீனாவாசிகள் அதைப் புல்புல் என்பர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். பறவை இறந்தது. முகம் வாடியிருந்த குழந்தையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பெரியவர்க்குரிய குன்யாவால் அவரை அழைத்து, பறவை என்னவாயிற்று என்று எதுகை நயத்தோடு வினவினார்கள். ஒரு பறவைக்காக அழலாமா என்ற கண்டிப்பு அதில் இல்லை.

பயனற்ற செய்திகளை அறிவிக்கிறார்கள் என ஹதீஸ் கலையினரைச் சிலர் குறைகூறி, இந்த ஹதீஸையே எடுத்துக்காட்டினர். அதற்கு விடையாக ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (இறப்பு: ஹிஜ்ரி 335) தனிநூலே எழுதி, இதிலிருந்து 60 பயன்களை எடுத்துரைத்தார். அவர் இப்னுல் அல்லாஃபின் காலத்தவர் என்பது கருதத்தக்கது. பிள்ளையில்லாதவருக்கும் குன்யா சூட்டலாம், குழந்தைகள் பறவையோடு விளையாடலாம் என்பன இந்த ஹதீஸிலிருந்து பெறப்பட்ட முடிவுகளுள் அடங்கும்.

அபூஉமைரும் நெடுநாள் வாழவில்லை. அபூதல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்தபோது இறந்துபோன, உம்முஸுலைம் (ரலி) அவர்கள் அன்றிரவு கணவரிடம் சொல்லாமல் மறைத்துவைத்த குழந்தை இவர்தாம் என்பது ஹதீஸ் விரிவுரையாளர்களின் கூற்று. பறவையை இழந்த பிள்ளையைத் தேற்றிய வீடு, பிள்ளையையே இழந்தது.

இப்னுல் அல்லாஃபின் கஸீதாவுக்குத் திரும்புவோம். ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த எகிப்திய அறிஞர் தமீரீ, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்கியற் களஞ்சியத்தில் அதற்கு இடமளித்துள்ளார். அந்நூலில் கலீஃபாக்களின் வரலாறும் விரிவாக உண்டு. இப்னுல் முஃதஸின் ஒருநாள் ஆட்சியை அங்கே காணலாம். கஸீதாவை அவர் சேர்த்திருப்பதோ 'ஹிர்' என்னும் தலைப்பின்கீழ். அச்சொல்லின் பொருள் பூனை.