நரகத்தின் அடுக்களையில் முள்ளங்கி

நியூயார்க்கின் மேற்கு ஓரத்தில், ஹட்சன் ஆற்றையொட்டிய அன்றைய ஏழைக் குடியிருப்புக்கு ‘நரகத்தின் அடுக்களை’ என்று பெயர். வைத்தவருக்குக் குசும்பு அதிகம். அங்கே அன்று பல வீடுகளில் அடுப்பெரிவதே பெரும்பாடாக இருந்தது.

1902-இல் அங்குள்ள டிவிட் கிளின்டன் பூங்காவின் குப்பைமேட்டைத் திருத்தி, ஃபேனி கிரிஸ்காம் பார்சன்ஸ் என்ற அம்மையார் சிறுவர் பண்ணை தொடங்கினார். பிள்ளைக்கு ஒரு பாத்தி. கயிற்றுக் கட்டில் போடும் அளவுதான் இருக்கும். மண்ணைக் கொத்தி, கோடிழுத்து, விதை தூவித் தண்ணீர் ஊற்றினால் முள்ளங்கி ஒரே மாதத்தில் கைக்கு வரும். பொறுமையில்லாத வயதுக்கு ஏற்ற பயிர். பீட்ரூட், பீன்ஸ், மக்காச்சோளம் எல்லாம் மெதுவாகத்தான் வந்து சேரும். பக்கத்துச் சின்ன வீட்டில் பிள்ளைகள் சமையலும் வீட்டுவேலையும் கற்றுக்கொண்டார்கள்.

காய்கறி பார்சன்ஸுக்கு ஒரு சாக்குத்தான். நேர்மை, உழைப்பின் மதிப்பு, பொதுச் சொத்தைப் பேணுதல் இவையே அவர் விதைக்க நினைத்தவை. பாத்தியில் குனிந்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு கதை.

1914-இல் அதே நகரில் எல்லன் எட்டி ஷா என்பவர் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் சிறுவர் தோட்டம் தொடங்கினார். அங்கே இன்றும் பிள்ளைகள் நட்டு, அறுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.