பரவாயில்லைக்கு எத்தனை மில்லிகிராம்?

அம்மாவுக்குப் புற்றுநோய் போய்விட்டது, வலி போகவில்லை. சிகிச்சையில் சேதமான நரம்புகள் இடது தோளிலிருந்து விரல்வரை எரிந்துகொண்டே இருந்தன. நான்கு வருடங்களாகக் காலை 8 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று என்று 12 மணிநேரம் வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரை. போன வருடம் சிறுநீரகம் தளர ஆரம்பித்தது. மார்ஃபின் உடலில் உடைந்து உண்டாகும் பொருட்களைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். முடியாதபோது அவை தேங்கி மயக்கம் வரும். ஃபென்டானில் பேட்ச்சுக்கு மாறலாம் என்றார் டாக்டர்.

“தோள்ல ஒட்டுற பேப்பரா? அதுல என்னடா மருந்து இருக்கப்போகுது?” என்றார் அம்மா.

டாக்டர் ஓர் அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். வந்த விடையையும் குறைத்துத்தான் எழுதினார். ஒரு மருந்துக்குப் பழகிய உடல் அதே இனத்தின் இன்னொரு மருந்துக்கு முழுதாகப் பழகியிருக்காது, அளவு கூடினால் மூச்சே மந்தமாகிவிடும் என்றார். அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் சேர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆனால் இன்னொரு மருந்தின் எந்த அளவு அதற்குச் சமம் என்பதை ஒழுங்காக அளந்தது 1950களில்தான். நியூயார்க்கின் மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் ரேமண்ட் ஹூட் என்ற மருத்துவரும் ஏடா ராஜர்ஸ் என்ற செவிலியரும் அந்த வேலையில் இறங்கினார்கள். வலியை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ராஜர்ஸ் மணிக்கொரு முறை கட்டிலருகே போய்க் கேட்பார்: வலி இல்லையா, லேசா, நடுத்தரமா, கடுமையா? எந்த மருந்து போடப்பட்டது என்று நோயாளிக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. அந்தப் பதில்களிலிருந்துதான் சம அளவுகள் பிறந்தன.

அதிலும் ஒரு குறை இருந்தது. ஒரே ஒரு டோஸ் கொடுத்துப் பார்த்த கணக்கு அது. ஊசியில் போடுவதைப்போல் ஆறு மடங்கு மார்ஃபினை வாயால் தர வேண்டும் என்றது. தினமும் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு மூன்று மடங்கே போதும் என்பது பிறகு தெரியவந்தது. லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி திரும்பும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாது மருந்து கொடுத்தார். அம்மாவின் இரண்டு 8 மணிகளும் அந்த வழியில் வந்தவைதான்.

இந்தியாவில் இந்தக் கதை இடையில் தடைப்பட்டது. அபினிப் பயிர் விளைகிற நாடுதான். ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டுக் கெடுபிடி குறைந்தது.

முதல் பேட்ச் ஒட்டிய இரவு. மருந்து தோலுக்கடியில் சேர்ந்து ரத்தத்துக்கு வந்து முழுதாக வேலை செய்யக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். இடைவெளியைச் சமாளிக்க டாக்டர் தனியாக ஒரு மருந்து கொடுத்திருந்தார். கேட்டபோதெல்லாம் அம்மா “பரவாயில்லடா” என்றார். 2 மணிக்குச் சமையலறையில் விளக்கு. ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய் அடுப்பை அணைத்தேன். சூடு பட்டால் பேட்ச்சிலிருந்து மருந்து அளவுக்கு மீறி உள்ளே போய்விடும். டாக்டர் இரண்டு தடவை எச்சரித்திருந்தார்.

“பரவாயில்லன்னா என்னம்மா அர்த்தம்? லேசாவா, நடுத்தரமாவா, கடுமையாவா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “கடுமைதான். சொன்னா நீ தூங்க மாட்டே.”

மருந்து கொடுத்தேன். ஒரு பழைய நோட்டில் மணிக்கொரு முறை எழுதினேன்: வலி எப்படி, தூக்கக் கலக்கம் உண்டா, மூச்சு சீரா. மூன்றாம் நாள் அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டினார். “பரவாயில்ல” என்பதை மட்டும் கொண்டுபோயிருந்தால் பழைய அளவே தொடர்ந்திருக்கும்.

இப்போது அம்மாவே எழுதுகிறார். போன வாரம் ஒரு பக்கத்தில் “நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே” என்று இருந்தது. ராஜர்ஸின் கேள்வியில் அப்படி ஒரு படி இல்லை. டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.