ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்கலையா? 2 ஸ்ட்ரோக் வண்டியின் 'பேக்கிங்'கைக் கவனிங்க!

செய்யூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை வரை ஒரு ரைடு. வண்டி ஆர்எக்ஸ் 100 என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால், கிளம்பும் முன் ஒன்றைக் கவனிங்க. சிக்னலில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை முழுசா விட்டும் இன்ஜின் 'ங்ங்ங்' என்று கத்திக்கொண்டே இருக்கிறதா? ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகிச் சமாளிக்காதீங்க. அந்தச் சத்தம் ஒரு எச்சரிக்கை.

1985-ல் இந்தியாவில் அறிமுகமான ஆர்எக்ஸ் 100-ன் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. 1980-ல் வந்த டிவிஎஸ் 50-க்கு இன்னும் வயது அதிகம். இன்று ஓடும் இந்த வண்டிகளில் ரப்பரும் பேக்கிங்கும் காய்ந்து, வெடித்து, உப்பிப் போயிருப்பது சகஜம். அதோடு உப்பளமும் கழிமுகமும் சூழ்ந்த செய்யூர் பக்கத்து உப்புக்காற்று சேர்ந்தால், அலுமினிய முகப்புகளில் வெள்ளைப் பொடி பூத்து, காற்று நுழைய வழி கிடைத்துவிடும்.

காற்று நுழைந்தால் என்ன ஆகும்?

2 ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே உறிஞ்சும் விசை உருவாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை சிலிண்டருக்குத் தள்ளப்படும். அதனால் கார்புரேட்டர் முதல் கிராங்க் கேஸ் வரை எல்லா இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும்.

இடையில் ஓர் ஓட்டை விழுந்தால், கார்புரேட்டர் அளக்காத காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து, காற்று கூடும். மெக்கானிக்குகள் 'லீன்' என்று சொல்வது இதைத்தான். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டிகளில் ஆயிலும் சேர்ந்தே குறையும். ஆர்எக்ஸ் 100-ல் ஆட்டோலூப் பம்ப் தனியாக ஆயில் கொடுத்தாலும், சூட்டிலிருந்து தப்ப முடியாது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் 'சீஸ்'. வேகமாகப் போகும்போது சீஸ் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். அப்படி இன்ஜின் இறுகுவது தெரிந்தால், உடனே கிளட்ச்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு ஓரம் கட்டுங்க.

இந்த அறிகுறிகள் இருக்கா?

* ஆர்பிஎம் ஏறிய பிறகு மெதுவாகவே இறங்கும், அல்லது தானாகவே ஏறும்.
* காலையில் சோக் போட்டால்தான் வண்டி நிற்காமல் ஓடும்.
* பிளக் முனை காபிப் பொடி நிறத்தில் இல்லாமல் வெளுத்திருக்கும்.

ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கினாலும், கார்புரேட்டரின் பைலட் ஜெட் அடைத்தாலும் இதே மாதிரி இருக்கும். அதை முதலில் பாருங்க. அப்புறம்தான் பேக்கிங்.

ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டர் ரப்பர், கிளாம்ப், சிலிண்டர் இணைப்பு என்று ஒவ்வொரு இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிங்க. எங்கே தெளித்தால் இன்ஜின் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் ஓட்டை. ஏர் ஃபில்டரிலும் பிளக் கேப்பிலும் தண்ணீர் படக் கூடாது. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமா? கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, சைலன்சர் வாயை ரப்பர் ஷீட் வைத்து அடைத்து, இன்டேக் ரப்பரில் டியூப் செருகிய கார்க் ஒன்றைப் பொருத்துங்க. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பல்பும் மீட்டரும் போதும். 250 முதல் 300 மில்லிமீட்டர் வரை, அதாவது சுமார் 5 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றுங்க. ஒரு நிமிடத்தில் 50 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது. சோப்பு நுரை தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை மட்டும் மாட்டிவிடாதீங்க. அந்த அழுத்தத்தில் ஆயில் சீலே வெளியே வந்துவிடும்.

பேக்கிங் மாற்றும்போது…

1. இன்ஜின் ஆறிய பிறகு பெட்ரோல் டேப்பை மூடி, சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்க. திறந்த துவாரத்தைச் சுத்தமான துணியால் அடைங்க.

2. பழைய பேக்கிங்கை தின்னரால் ஊறவைத்து, பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகட்டால் சுரண்டுங்க. ஸ்க்ரூ டிரைவர் அலுமினியத்தில் கோடு போடும். அந்தக் கோடே அடுத்த லீக்குக்கு வழி.

3. முகப்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பின்னால் வெளிச்சம் காட்டுங்க. நடுவில் வெளிச்சம் கசிந்தால் முகப்பு வளைந்திருக்கிறது. கழற்ற முடிந்த பாகம் என்றால், கண்ணாடிப் பலகை மேல் 400-ம் எண் எமரி தாளை விரித்து, தண்ணீர் தொட்டு, '8' போடுவதுபோல் தேயுங்க. பிறகு தூள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவுங்க.

4. ரப்பரை வளைத்துப் பாருங்க. வெடிப்பு தெரிந்தால் ரப்பரையே மாற்றுங்க. பசை பூசிப் பயனில்லை.

5. கடையில் வண்டிக்கான பேக்கிங் கிடைக்கவில்லையா? பழையதன் தடிமனிலேயே பேக்கிங் பேப்பர் வாங்கி, பேனாவால் வரைந்து வெட்டுங்க. பாகத்தின் மேல் பேப்பரை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வடிவம் எடுப்பது முகப்பின் ஓரத்தைக் கெடுக்கும். காலண்டர் அட்டை, சிகரெட் அட்டை எல்லாம் வேண்டாம். உள்துவாரத்துக்குள் காகிதம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

6. முகப்பு சமமாக இருந்தால் பேக்கிங் மட்டுமே போதும். தேவைப்பட்டால் பெட்ரோல் தாங்கும், இறுகாத வகை சீலன்ட்டை மெல்லியதாகத் தடவுங்க. சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறி உப்பும். பிதுங்கிய துண்டு ரீடு வால்விலோ கிராங்க் கேஸிலோ போய் மாட்டும்.

7. போல்ட்டுகளைக் குறுக்கு மூலையாக, இரண்டு மூன்று தடவையாக இறுக்குங்க. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். சின்ன ஸ்பேனரில் மிதமான விசை. பலம் காட்டினால் அலுமினிய மரை கழன்றுவிடும். ஒருமுறை ஓட்டிச் சூடாகி ஆறிய பிறகு மறுபடியும் சரிபாருங்க.

அப்பவும் சரியாகலையா?

இன்டேக் பக்கம் சுத்தமாக இருந்தும் ஆர்பிஎம் இறங்கவில்லையென்றால், சிலிண்டர் அடி பேக்கிங்கும் கிராங்க் ஆயில் சீலும்தான் அடுத்த சந்தேகம். மேக்னட் பக்கச் சீல் போனால் காற்று நுழையும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி, புகை அடர்த்தியாக வரும். கியர் ஆயில் அளவும் குறையும். இதற்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போவதுதான் நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீங்க. லீக்கை வைத்துக்கொண்டே பெரிய ஜெட் போட்டு ட்யூன் பண்ணுவது. ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகும், போட்ட ட்யூனிங் அப்படியே நிற்காது. சில ரூபாய் காகிதத்தில் முடிய வேண்டிய வேலை, ரீபோருக்கும் புது பிஸ்டனுக்கும் போய்விடும். வேகத்தில் நடந்தால், உங்க கை காலுக்கும்தான் ஆபத்து. கோட்டைக்கு அடுத்த ஞாயிறு போனாலும் கோட்டை அங்கேயேதான் இருக்கும். முதலில் பேக்கிங்கை முடிங்க.