கொடுவா மீனும் றைன் நதிச் சல்மனும்

சுவிற்சர்லாந்தில் எம்மவர் நடத்தும் கடைகளின் குளிர்பெட்டிகளில் இன்று கொடுவா மீனையும் வாங்க முடிகிறது. தென்கிழக்காசியாவில் வளர்க்கப்பட்டு, உறையவைக்கப்பட்டு, கப்பலேறி வந்த மீன் அது. அதனைக் குழம்பாக்கிப் பரிமாறும் பெற்றோரிடம் இங்கே பிறந்த பிள்ளைகள், “இது கடல்மீனா, ஆற்றுமீனா?” என்று கேட்பதுண்டு. கேள்வி எளியது. ஆயினும் ஒரு சொல்லில் இதற்கு விடை கூற முடியாது. விடையைத் தேடிச் சென்றால் மட்டக்களப்பின் முகத்துவாரமும் யாழ்ப்பாணத்தின் தடுப்பணைகளும் நாம் இன்று வாழும் இந்நாட்டின் றைன் நதியும் ஒரே வரலாற்றுக்குள் வந்து சேர்வதைக் காணலாம்.

கொடுவாவை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் பேர்லின் நகர மருத்துவரான மார்க்குஸ் எலியேசர் புளொக் என்பவர். 1790 ஆம் ஆண்டு அவர் இட்ட பெயரின் வழியாகவே இம்மீன் இன்று ‘லேற்றஸ் கல்காரிபர்’ என வழங்கப்படுகிறது. ‘குதிமுள் தாங்கியது’ என்பது அவர் இட்ட பெயரின் பொருள். வங்காளத்தில் இது பெட்கி, மலேசியாவில் சியாக்கப், அவுஸ்திரேலியாவில் பறமுண்டி. பறமுண்டி என்பது குயின்ஸ்லாந்துப் பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்த சொல். பெரிய செதிலுடைய ஆற்றுமீன் என்று பொருள்படும். பாரசீகக் குடாவிலிருந்து வட அவுஸ்திரேலியா வரை, வெப்பமான கரையோரங்களில் இம்மீன் வாழ்கிறது. இரண்டு மீற்றர் நீளமும் அறுபது கிலோ நிறையும் வரை வளரக்கூடியது.

இதன் வாழ்க்கை இரண்டு நீர்களைச் சார்ந்தது. முட்டையிடுவது உப்புநீரில். ஆற்று வாய்களிலும் களப்பு வாய்களிலும், திங்களின் பிறையையும் வற்றுப் பெருக்கையும் அனுசரித்து, ஏறுநீர் வேளையில் முட்டையிடும். பெரிய பெண்மீன் ஒன்று பல இலட்சக்கணக்கில், சில வேளைகளில் கோடிக்கணக்கில் முட்டையிடும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த பருமனுள்ள அம்முட்டைகள் மிதந்து, ஒரு நாளுக்குள்ளேயே பொரிக்கின்றன. ஏறுநீர் அக்குஞ்சுகளைக் கண்டற் காடுகளுக்கும் மாரி வெள்ளம் தேங்கிய சதுப்புகளுக்கும் கொண்டு சேர்க்கிறது. அங்கே இறாலையும் சிறுமீனையும் தின்று வளரும். தன்னினத்துச் சிறு குஞ்சையும் விழுங்கத் தயங்காது. சற்றுப் பருத்தபின் வழி திறந்திருந்தால் நன்னீர் நோக்கி ஏறும். சில ஆண்டுகளின் பின் முட்டையிடும் பருவம் வந்ததும் மீண்டும் கடல்வாய்க்கு இறங்கும். நன்னீரைக் காணாமலே உவர்நீரில் வாழ்ந்து முடிக்கும் கொடுவாக்களும் உள்ளன. ஆனால் உப்புநீரைக் காணாமல் இனம் பெருக்கும் கொடுவா இல்லை. குயின்ஸ்லாந்தின் நன்னீர்த் தேக்கங்களில் விடப்படும் கொடுவாக்கள் நன்கு கொழுத்து வளர்கின்றன. ஆயினும் அங்கே குஞ்சு உண்டாவதில்லை. பொரிப்பகங்களிலிருந்து புதிய குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டபடியே இருக்கவேண்டும்.

இன்னொரு வியப்பும் உண்டு. கொடுவாக்களிற் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே முதிர்கின்றன. ஆறு, ஏழு வயதளவில், ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்தை நெருங்குகையில், பெண்ணாக மாறுகின்றன. பப்புவா நியூகினியில் நடந்த ஆய்வு 1979 ஆம் ஆண்டு இதனை விளக்கமாக வெளியிட்டது. இதன் பயன் மீனவருக்கு நேரடியானது. பெரிய மீன்களை மட்டும் தேடிப் பிடித்தால் தாய்மீன்கள் அருகும். சிறியவற்றையே வாரிக்கொண்டால் தாயாகும் வயதை எட்ட எதுவும் எஞ்சாது. இதனாலேயே குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் வைத்திருக்கத் தடையுண்டு. முட்டையிடும் மாதங்களில் பிடிப்பதும் தடுக்கப்பட்டுள்ளது.

எமது மண்ணுக்கு வருவோம். மட்டக்களப்புக் களப்பு வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கோடையில் அலை மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகி வயல்கள் அமிழும் நிலை வந்தால், மணற்றிடலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். வயற்காரருக்கு அந்த வெட்டு வெள்ள வடிகால். கொடுவாவுக்கோ அதுவே வாசல். முட்டையிடப் போவதும் குஞ்சாக உள்ளே வருவதும் அவ்வழியாகவே. எனவே முகத்துவாரம் எப்போது வெட்டப்படுகிறது, எவ்வளவு நாள் திறந்திருக்கிறது என்பது நெல்லைப் பற்றிய வினா மட்டுமன்று; களப்பில் வீச்சுவலை எறிபவனின் அடுத்த ஆண்டு வருவாயைப் பற்றிய வினாவுமாகும்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. ஆறில்லாத குடாநாட்டில் கிணறுகள் உவர்ப்பதைத் தடுக்கவும், மாரிநீர் வீணே கடலுக்குச் செல்லாமற் காக்கவும், 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பேசப்பட்ட பெருந்திட்டத்தின் பகுதிகள் அவை. கடல் நீரேரியை நன்னீராக்குவது அதன் நோக்கம். உழவரின் தேவை உண்மையானது. அதனைக் குறைகூற இயலாது. ஆனால் உப்புநீரைத் தடுக்கும் கதவு, உப்புநீரோடு வரும் குஞ்சையும் தடுக்கும். களங்கண்டியும் சிறகுவலையும் கட்டிப் பிழைத்தவர்களின் கேள்வி அந்தக் கதவின் அருகிலேயே நிற்கிறது. பின்னர் போர்க்காலம் வந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து கடலிலும் நீரேரியிலும் தொழில் செய்யும் நேரமும் இடமும் கட்டுப்படுத்தப்பட்டன. எம்மிற் பலர் கொடுவாவைக் கடைசியாகப் பச்சை மீனாகக் கண்டது அக்காலத்திற்கு முன்னராகவே இருக்கும்.

கதவை மூடினால் என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. பாசல் நகரின் ஊடாக ஓடும் றைனில் ஒருகாலத்தில் சல்மன் மீன் நிறைந்திருந்தது. கொடுவாவின் பயணத்தைத் தலைகீழாக்கினால் சல்மனின் பயணம் கிடைக்கும். ஆற்றுப் பரல்களிடையே பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன் அது. வட கடலிலிருந்து நெதர்லாந்தையும் ஜேர்மனியையும் கடந்து சுவிற்சர்லாந்தின் உள்ளாறுகள் வரை ஏறிவந்தது. பாசலில் வேலையாட்கள் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தமக்குச் சல்மன் தரக்கூடாதென ஒப்பந்தம் செய்தனர் என்றொரு கதை வழங்குகிறது. அத்தகைய ஒப்பந்தம் எதுவும் கிடைத்ததில்லை. எனினும் அக்கதை, அன்று மீன் எவ்வளவு மலிந்திருந்தது என்ற நினைவைச் சுமந்து நிற்கிறது.

மீன் குறையத் தொடங்கியதும் அரசுகள் வாளாவிருக்கவில்லை. 1885 ஆம் ஆண்டு ஜேர்மனியும் நெதர்லாந்தும் சுவிற்சர்லாந்தும் றைன் சல்மன் பிடிப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்தன. பிடிக்கும் காலமும் வலைகளும் கட்டுப்படுத்தப்பட்டன. ஆனால் வலையை அடக்கிய காலத்திலேயே அணைகள் எழுந்தன. 1898 இல் றைன்பெல்டன், 1912 இல் ஓக்ஸ்ற், 1914 இல் லவுபென்பூர்க், 1932 இல் பாசலுக்குக் கீழே கெம்ப்ஸ் என மின்நிலையங்கள் ஆற்றின் குறுக்கே வரிசையாக நின்றன. சில இடங்களில் மீனுக்கெனப் படிகள் அமைத்தும் போதிய பயன் விளையவில்லை. தொழிற்சாலைக் கழிவுகளும் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு சுவிற்சர்லாந்தில் சல்மன் அற்றுப்போயிற்று.

1986 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் திகதி பாசல் அருகே சுவைற்சர்ஹாலேயில் சன்டோஸ் நிறுவனத்தின் களஞ்சியம் தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு நஞ்சு றைனில் கலந்து, ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் விலாங்குகள் செத்து மிதந்தன. அக்காலத்தில் இங்கே வந்து சேர்ந்திருந்த எம்மவர் சிலருக்கு அந்நாளின் நாற்றமும் அபாய ஒலியும் இன்னும் நினைவில் இருக்கலாம். அவ்வதிர்ச்சியே மாற்றத்திற்கு வழிவகுத்தது. 1987 இல் றைன் கரை நாடுகள் ஒரு செயற்றிட்டத்தை ஏற்றன. 2000 ஆம் ஆண்டளவில் சல்மனை மீட்பது அதன் இலக்குகளில் ஒன்று. 2000 இல் இபெற்ஸ்ஹைம் அணையிலும், 2006 இல் கம்ப்ஸ்ஹைம் அணையிலும், 2016 இல் ஸ்ற்றாஸ்பூர்க்கிலும் மீன்வழிகள் திறக்கப்பட்டன. பாசல் ஆறுகளில் சல்மன் குஞ்சுகள் விடப்பட்டன. 2008 இல் பாசலில் ஒரு தூண்டிற்காரரின் தூண்டிலில் சல்மன் ஒன்று சிக்கியபோது செய்தித்தாள்கள் அதனைப் பெருஞ்செய்தியாக்கின. ஆயினும் கடலிலிருந்து பாசல் வரை தடையற்ற வழி இன்னும் முழுமையாகத் திறக்கப்படவில்லை. செல்வமும் அறிவும் மிகுந்த நாடுகளே, தாம் மூடிய கதவைத் திறக்க நாற்பது ஆண்டுகளாகப் பாடுபடுகின்றன.

கொடுவாவை இன்று தொட்டியிலும் கூட்டிலும் வளர்க்கலாமே என்பர். உண்மைதான். 1970களில் தாய்லாந்தின் சொங்க்லாவில் செயற்கை முறையிற் குஞ்சு பொரிக்கச் செய்தனர். 1997 இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையமும் அதில் வெற்றி கண்டது. திருகோணமலைக் கடலிலும் கூடுகளில் கொடுவா வளர்க்கும் முயற்சி நடந்துள்ளது. இவை வேலைவாய்ப்புத் தரக்கூடியவை. எனினும் கூட்டில் வளரும் மீன் முதலீடு செய்தவருக்கு உரியது. களப்பில் ஏறும் மீன் வலையொன்று மட்டுமே உள்ளவனுக்கும் உரியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

எமது ஊர்களில் அணைகள் திருத்தப்படும்போதும் பாலங்கள் கட்டப்படும்போதும் புலம்பெயர்ந்தோரின் பணமும் கருத்தும் நாடப்படுகின்றன. அவ்வேளைகளில் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் சில உண்டு. கதவு எந்த மாதங்களில் திறக்கப்படும்? மீன் ஏற வழி விடப்பட்டுள்ளதா? கண்டல் வெட்டப்படாமற் காக்கப்படுகிறதா? நன்னீர் வேண்டும் உழவரையும் உவர்நீர் வேண்டும் மீனவரையும் ஒரே மேசையில் அமர்த்திவிட்டார்களா? றைன் கரையில் வாழும் நாம் இவற்றைக் கேட்பதற்கு வேண்டிய சான்று கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளின் கேள்விக்கும் இப்போது விடை கூறலாம். கொடுவா கடல்மீனுமாகும், ஆற்றுமீனுமாகும். இரண்டுக்கும் இடையே வழி திறந்திருக்கும் வரையில் அது அவ்வாறே இருக்கும்.