வன்தட்டின் படிப்பு வேகம்: ஓர் அளவீட்டின் வரலாறு

திருப்பதி தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளை இன்று நம்மில் பலர் மின்படிகளாகவே பயன்படுத்துகிறோம். சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாறு கல்லிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து வன்தட்டுக்கும் பெயர்ந்துள்ளது. ஆகவே, அத்தட்டின் படிப்பு எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதும் ஆவணவியலுக்குரிய வினாவே.

1956இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய ராமாக் கணினியின் வட்டகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. அதன் வேகம் இரு எண்களால் குறிக்கப்பட்டது: உரிய இடத்தைச் சென்றடையச் சராசரியாக 600 மில்லிநொடி, அடைந்தபின் நொடிக்கு 8,800 எழுத்துகள். தேடலும் வாசிப்பும் வெவ்வேறு என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது. ஆயினும் அவ்வெண்கள் தயாரிப்பாளர் கூற்றுகளே. பயனர் சரிபார்த்தவை அல்ல.

1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியின் 10 மெகாபைட் தட்டு நொடிக்கு 60 முறை சுழன்றது. ஒரு தடத்தில் 17 பிரிவுகள். ஒரு பிரிவைப் படித்துக் கையாள்வதற்குள் அடுத்தது தலையைக் கடந்துவிடும் என்பதால், அடுத்தடுத்த எண்ணுள்ள பிரிவுகளை இடைவெளி விட்டு அமைத்தனர். ஆறுக்கு ஒன்று என்ற அவ்வமைப்பில் ஒரு தடத்தைப் படிக்க ஆறு சுழற்சிகள் தேவைப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் ஸ்டீவ் கிப்சனின் ஸ்பின்ரைட் மென்பொருள், அந்தந்தக் கணினிக்கு ஏற்ற இடைவெளியை அளந்து கண்டறிந்து, தரவு அழியாமலே தட்டைத் திருத்தியமைத்தது. அளவீடு இவ்வாறு பயனர் கைக்கு வந்தது.

அதன்பின் எழுந்த சிக்கல் இடைநினைவகம். ஒருமுறை படித்த கோப்பை இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், மறுமுறை அளக்கும்போது கிடைப்பது தட்டின் வேகமன்று, நினைவகத்தின் வேகம். லினக்ஸுக்காக மார்க் லார்ட் எழுதிய எச்டிபார்ம் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது. மேலும், வெளித்தடங்களில் பிரிவுகள் மிகுதி. சுழற்சி மாறாததால் தட்டின் விளிம்பில் வேகம் கூடும், மையம் நோக்கிக் குறையும். எனவே ஒற்றை எண் போதாது. முழுத் தட்டுக்குமான வரைபடம் தேவை.

அவ்வரைபடமே ஆவணக் காப்பாளருக்குப் பயன்தருவது. ஒரு பிரிவு நலிவுறும்போது வன்தட்டு அதனை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். தரவு சரியாகவே கிடைக்கும், ஆனால் தாமதமாக. கோப்பு திறந்துகொள்வதால் பயனர் எதையும் உணர்வதில்லை. ஒருமுறை தோன்றும் சரிவு வேறு நிரலின் குறுக்கீட்டாலும் நேரலாம். அதே இடத்தில் சரிவு மீண்டும் தோன்றுமானால், அன்றே வேறு தட்டில் படியெடுக்க வேண்டும். வேகம் தரவின் மெய்ம்மையைச் சொல்லாது. அதற்குச் சரிபார்ப்புத் தொகை தனியே தேவை.

அன்னமாசாரியரின் (1408–1503) கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகள் திருமலையில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1922இல் அறிஞர் பார்வைக்கு வந்தபோதும் படிக்கக்கூடியனவாகவே இருந்தன. செம்பு புறக்கணிப்பைப் பொறுத்தது. காந்தத் தட்டு பொறுக்காது. மின்னாக்கத் திட்டங்கள் படமெடுப்பதோடு நிதிக்கணக்கை முடித்துவிடாமல், ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு தட்டையும் முழுமையாகப் படித்து, வேக வரைபடத்தை முந்தைய ஆண்டினதோடு ஒப்பிடுவதற்கும் இடமளிக்க வேண்டும்.